காலணிக் கூடத்தில் கரைப்பான் ஆவி: யாருக்கு எவ்வளவு போகிறது என்று மதிப்பிடும் வழி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துக் காலணித் தொழிற்கூடம் ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகப் புதிதாகப் பொறுப்பேற்கும் எவரும் விரைவிலேயே ஒரு கேள்வியைச் சந்திப்பார்: பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் மேசையில் அடிக்கும் இந்த வாடை உடம்பைக் கெடுக்குமா? கேட்பவர் பெரும்பாலும் அந்த மேசையில் நாள் முழுவதும் உட்கார்ந்து அப்பருக்கு, அதாவது காலணியின் மேற்பகுதிக்கு, சொல்யூஷன் எனப்படும் பசையைத் தடவும் பெண் தொழிலாளியாக இருப்பார். "பழகிப்போகும்" என்று சொல்வதும் தவறு, "எல்லாமே விஷம்" என்று சொல்வதும் தவறு. அவருக்கு நேர்மையான பதிலைத் தர, எந்தக் கரைப்பான், எவ்வளவு, யாருடைய மூச்சுக்குள், எத்தனை மணி நேரம் போகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களுக்கும் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளுக்கும் இதே முறை பொருந்தும். ஒரே இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால்தான் தெளிவாகும் என்பதால், இங்கே காலணிக் கூடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காலணிக்குப் பயன்படும் சொல்யூஷனில் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்கு மேலோ கரைப்பான்தான். ஒட்டி முடித்த காலணியில் தங்குவது பசைப்பொருள் மட்டுமே. கரைப்பான் அவ்வளவும் காற்றோடு போய்விடுகிறது. கிடங்கிலிருந்து எத்தனை லிட்டர் எடுக்கப்பட்டதோ அத்தனையும், கழிவு டப்பாவில் மிஞ்சிய சிறு பகுதி நீங்கலாக, அந்தக் கூடத்தின் காற்று வழியாகவே வெளியேறியிருக்கிறது. அது போன வழியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று கேட்பதுதான் மதிப்பீடு. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலேயே இதில் பாதி தூரம் போய்விடலாம்.

மூக்கை நம்ப வேண்டாம்

சொல்யூஷனில் கலக்கும் கரைப்பான்களில் ஒன்றான டொலுவீன் காற்றில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு, அதாவது 3 பிபிஎம் அளவில் இருக்கும்போதே பலருக்கு வாடை தெரிந்துவிடும். இன்னொரு கரைப்பானான என்-ஹெக்சேனோ 100 பிபிஎம்மைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலோருக்குத் தெரியவரும். அதற்குப் பரிந்துரைக்கப்படும் எட்டு மணி நேர வரம்பு 50 பிபிஎம்தான். கடுமையாக வாடை அடிக்கும் மேசையைவிட மென்மையாக அடிக்கும் மேசை அதிகம் கெடுதல் செய்வது இதனால் முற்றிலும் சாத்தியம். போதாக்குறைக்கு, சிறிது நேரத்தில் மூக்கு மரத்துவிடும். "இப்போதெல்லாம் வாடையே தெரிவதில்லை" என்று தொழிலாளி சொன்னால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதற்படி: டப்பாவில் இருப்பது என்ன

ஒவ்வொரு சொல்யூஷனுக்கும், தின்னருக்கும், ஹார்டனருக்கும், துடைக்கப் பயன்படுத்தும் திரவத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அது பதினாறு பகுதிகள் கொண்டது. புதியவர் முதலில் திறக்க வேண்டியது மூன்றாம் பகுதியை. கலவையின் பெயர்களும் விழுக்காடுகளும் அங்கேதான் இருக்கும். பெயர்கள் வெவ்வேறு விதமாக எழுதப்படும் என்பதால், பக்கத்தில் இருக்கும் சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகத் தரப்பட்ட அடையாள எண்ணை, பார்ப்பது உறுதியான வழி: டொலுவீன் 108-88-3, என்-ஹெக்சேன் 110-54-3, பென்சீன் 71-43-2. அடுத்து இரண்டாம் பகுதியில் உள்ள எச்சரிக்கைக் குறியீடுகளைப் பார்க்கலாம். எச்350 புற்றுநோயையும், எச்361 கருவளத்துக்கோ கருவுக்கோ தீங்கு நேரலாம் என்ற ஐயத்தையும், எச்373 நெடுநாள் புழங்கினால் உறுப்புகள் கெடக்கூடும் என்பதையும் குறிக்கும்.

தாள் கிடைக்கவில்லை என்றாலோ, "ஹைட்ரோகார்பன் கலவை" என்று மட்டும் மழுப்பலாக எழுதியிருந்தாலோ விட்டுவிடக் கூடாது. விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். ஹெக்சேன் எத்தனை விழுக்காடு, பென்சீன் எத்தனை விழுக்காடு என்ற இரண்டு கேள்விகளைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். காரணம் பழைய அனுபவம். 1960களில் ஜப்பானில் வினைல் செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்குக் கைகால் நரம்புகள் கெட்டதற்கு என்-ஹெக்சேன் காரணமாகக் கண்டறியப்பட்டது. இத்தாலியின் காலணித் தொழிலாளர்களிடமும் அதே நோய் வந்தது. இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்திய காலணித் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் கூடியிருந்ததை 1970களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2009இல் சீனாவின் சூசௌ நகரில் தொடுதிரை செய்த தொழிற்சாலை ஒன்றில், ஆல்ககாலைவிட விரைவில் காய்கிறது என்பதற்காக ஹெக்சேனுக்கு மாறினார்கள். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை அந்தத் திரைகளை வாங்கிய ஆப்பிள் நிறுவனமே பின்னர் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. விரைவில் காய்கிறது என்று விற்பவர் புகழ்ந்தால், விரைவில் காற்றில் கலக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பட்டியலில் பெயர் இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. ஒசாகாவில் ஆஃப்செட் மாதிரிப் படிகள் அச்சிட்ட ஒரு நிறுவனத்தில், ரப்பர் உருளைகளைத் துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரோப்பேனால் இளம் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. 2012இல் விவரம் வெளியே வந்தபோது ஜப்பானில் அந்தப் பொருளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கவில்லை. 2014இல்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் சேர்த்தது. சிவகாசியில் உருளை துடைக்கும் திரவத்தை மாற்ற நினைக்கும் எவரும் இந்த ஒரு நிகழ்வை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எத்தனை லிட்டர், எந்த மேசைக்கு

கிடங்குப் பதிவேட்டிலிருந்து மூன்று மாதக் கணக்கை எடுத்து, வேலை நாட்களால் வகுத்து, ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு அதை மேசைவாரியாகப் பிரிக்க வேண்டும்: அப்பர் மடிப்பு ஒட்டும் இடம், அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங், சோல் ஒட்டும் இடம், கடைசியில் கறை துடைக்கும் இடம். பதிவேட்டுக்கும் மேற்பார்வையாளர்கள் சொல்லும் கணக்குக்கும் பொருந்தவில்லை என்றால், அந்த வேறுபாடு பெரும்பாலும் தின்னரில்தான் இருக்கும். தடித்துப்போன சொல்யூஷனை இளக்கவும், பிரஷ் கழுவவும், மேசை துடைக்கவும், கை துடைக்கவும் போகும் தின்னரை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மூன்றாம் படி: நின்று பார்த்தல்

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒரு மேசைக்கு அருகில் குறைந்தது ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும், அதுவும் வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில். முதலில் டப்பாவைக் கவனியுங்கள். வாய் அகன்ற டப்பா நாள் முழுவதும் திறந்தே கிடக்கும். விளிம்பைச் சுற்றி உலர்ந்த பசை தடித்துப் படிந்திருப்பதால் மூடி இனி பொருந்தவே பொருந்தாது. அதற்கு மேல்தான் அந்தப் பெண்ணின் முகம் இருக்கும். கறுப்புத் தோலில் தையல் கோட்டைப் பார்க்க வெளிச்சம் போதாமல் அவர் இன்னும் குனிவார். டப்பாவுக்கும் மூக்குக்கும் இடையே ஒரு முழங்கூட இருக்காது. அங்கே ஒரு நல்ல விளக்கைப் பொருத்தினால் அவர் நிமிர்ந்து உட்காருவார், மூச்சோடு போகும் ஆவியும் குறையும். மேசைக்கு அடியில் பாருங்கள்: துடைத்த துணிகள் திறந்த பெட்டியில் குவிந்திருக்கும். அவையும் நாள் முழுவதும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கின்றன. சொல்யூஷன் தடவிய அப்பர்களைக் காய வைக்கும் ரேக் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெரும்பகுதி கரைப்பான் ஆவியாவது பிரஷ் ஓடும்போது அல்ல, இந்த ரேக்கில்தான். அது தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால், மின்விசிறிக்கும் அவருக்கும் நடுவில் இருந்தால், காற்று அத்தனையையும் அவர் மேல் கொண்டுவந்து சேர்க்கிறது.

காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஊதுபத்தி ஏற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. கரைப்பான் புழங்கும் கூடத்தில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. டொலுவீனின் தீப்பற்று வெப்பநிலை வெறும் 4 டிகிரி செல்சியஸ். மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து ஒரு குச்சியில் கட்டி, மேசைக்கு மேலும் ரேக்குக்கு அருகிலும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முன்னும் பிடித்துப் பார்த்தால் போதும். ஃபேன் சுழன்றாலும், அருகிலேயே திறந்திருக்கும் சன்னல் வழியே வந்த காற்றையே அது திரும்ப வெளியே தள்ளுவதைப் பல கூடங்களில் காணலாம்.

நான்காம் படி: காகிதத்தில் ஒரு கணக்கு

இப்போது எண்களைச் சேர்க்கலாம். கணக்குக்காக ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம்: நீளம் 10 மீட்டர், அகலம் 8, உயரம் 4, ஆக 320 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன்களின் திறனையும் சன்னல்களையும் வைத்து, மணிக்கு மூன்று முறை காற்று மாறுகிறது என்று கொண்டால், மணிக்கு 960 கன மீட்டர் புதுக் காற்று வருகிறது. எட்டு மணி நேரத்தில் 4 லிட்டர் சொல்யூஷன் செலவாகிறது, லிட்டருக்கு 0.87 கிலோ எடை, அதில் 80 விழுக்காடு கரைப்பான் என்றால், சுமார் 2.8 கிலோ கரைப்பான் காற்றுக்குப் போகிறது. அந்தக் கரைப்பானில் பாதி டொலுவீன், 30 விழுக்காடு என்-ஹெக்சேன், மீதி 20 விழுக்காடு எம்இகே எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் என்று கொள்வோம்.

டொலுவீன் மணிக்கு 174 கிராம் ஆவியாகிறது. அதை 960ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 181 மில்லிகிராம். டொலுவீனுக்கு 1 பிபிஎம் என்பது 3.77 மில்லிகிராம் ஆகையால், விடை 48 பிபிஎம். இதே வழியில் ஹெக்சேன் 31 பிபிஎம்மும், எம்இகே 25 பிபிஎம்மும் வரும்.

இது கூடம் முழுவதற்கும் சராசரி. டப்பாவின் மேல் குனிந்திருப்பவர் மூச்சில் இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பது அரிதன்று. கோடையில் இந்த வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ரேக்கில் மெல்ல நடக்க வேண்டிய ஆவியாதலில் ஒரு பகுதி தடவும்போதே நடந்துவிடும். ஆகவே காகிதக் கணக்கின் விடை வரம்பை நெருங்கினாலே, மேசையில் வரம்பு தாண்டிவிட்டதாகக் கொள்வதுதான் பாதுகாப்பானது. வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தால் அவசரம் இல்லை; இடைப்பட்டதாக இருந்தால் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: எந்த வரம்போடு ஒப்பிடுவது

போபால் விபத்துக்குப் பின் 1987இல், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆட்படும் அளவுக்கான வரம்புகள் சேர்க்கப்பட்டன. அதன் இரண்டாம் அட்டவணை டொலுவீனுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 100 பிபிஎம்மைக் கொடுத்தது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச், பார்வையும் கருவும் பாதிக்கப்படுவதைக் கருதி 2007இலேயே அதை 20 பிபிஎம்மாகக் குறைத்துவிட்டது. சட்டத்துக்கு ஓர் எண், உடலுக்கு வேறோர் எண் என்ற நிலைமை வரும்போது குறைந்ததை எடுத்துக்கொள்வதே என் கருத்து. பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஒரு தொழிலில் இதற்கு எதிராக வாதாட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கலவைக்கு ஒரு தனி விதி உண்டு. ஒரே உறுப்பைத் தாக்கும் பொருட்கள் சேர்ந்து இருக்கும்போது, ஒவ்வொன்றின் அளவையும் அதன் வரம்பால் வகுத்து, விடைகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது. மேலே கண்ட கூடத்தில், டொலுவீனுக்குப் பழைய 100ஐயே வைத்தாலும் 0.48, ஹெக்சேனுக்கு 50இல் 31, அதாவது 0.62, எம்இகேவின் வரம்பு 200 என்று கொண்டால் 0.12. மொத்தம் 1.22. தனித்தனியே பார்த்தால் மூன்றும் வரம்புக்குள் இருக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் கூடம் தேறவில்லை. டொலுவீனுக்கு 20ஐ வைத்தால் தொகை 3ஐத் தாண்டிவிடும். இந்தக் கூட்டல்கூட முழு உண்மையைச் சொல்வதில்லை: எம்இகே தன்னளவில் பெரிய கேடு செய்யாவிட்டாலும், ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தால், எண் என்ன சொன்னாலும் அந்தச் சொல்யூஷனை மாற்றச் சொல்வதுதான் சரி.

ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஓவர்டைம் சேர்ந்து ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமாக நீண்டால், எட்டு மணி நேர வரம்பை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. உள்ளே போகும் நேரம் கூடுகிறது. உடல் அதை வெளியேற்றிக்கொள்ளக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. 8ஐ 12ஆல் வகுத்து, அதை ஓய்வு நேரங்களின் விகிதமான 12/16ஆல் பெருக்கினால் 0.5 வரும், அதாவது வரம்பு சரிபாதியாகிறது.

ஆறாம் படி: அளத்தல்

அளப்பதற்குத் தொழில்சார் சுகாதார ஆய்வகம் ஒன்றின் உதவி வேண்டும். சென்னையில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தையும், மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் கலந்து கேட்கலாம். நம்பத்தக்க முறை, தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள், ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இடுப்பில் கட்டிய சிறு பம்பு மூலம் காற்றை மெல்ல இழுப்பதாகும். குழாயினுள் இருப்பது பெரும்பாலும் கொட்டாங்குச்சியில் செய்த கரி: முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50. ஆய்வகம் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துத் தர வேண்டும். பின்பகுதியில் கிடைத்தது முன்பகுதியில் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், கரி நிறைந்து ஆவி கசிந்துவிட்டது, அந்த அளவு செல்லாது. அறிக்கையில் ஒரே எண்ணை மட்டும் தந்தால் இதைக் கேளுங்கள்.

அறையின் நடுவில் கருவியை ஒரு தாங்கியில் நிறுத்தி அளந்துவிட்டுப் போவதை ஏற்கக் கூடாது. கையில் பிடித்து உடனுக்குடன் எண்ணைப் பார்க்கும் கருவிகள் எந்த மேசை மோசம் என்று தேட உதவும். எந்தக் கரைப்பான் என்று அவை பிரித்துச் சொல்லா. ஒரே வகை வேலை செய்பவர்களில் குறைந்தது மூன்று பேரை அளக்க வேண்டும். அவர்களில் மிக அதிகம் குனிந்து வேலை செய்பவரும், ரேக்குக்கு மிக அருகில் இருப்பவரும் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்று விடைகளும் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழ் இருந்தால் நிம்மதி கொள்ளலாம். வரம்பை ஒட்டி இருந்தால் மேலும் அளக்க வேண்டும். அளக்கும் நாள் என்று தெரிந்து சன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தால், அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

தோலையும் உடலையும் கேட்டல்

காற்றை அளப்பதோடு வேலை முடிவதில்லை. வேலை முடிந்ததும் விரலில் ஒட்டிய பசையைத் தின்னர் தோய்த்த துணியால் துடைப்பது எங்கும் நடக்கிறது. அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து வெடிப்பை உண்டாக்குவதோடு, தோல் வழியாகவும் உள்ளே போகிறது. விரலில் ஒட்டிய பசையைத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் சற்று மெதுவாக நீக்கிவிடும். மெல்லிய நைட்ரில் கையுறை டொலுவீனையும் கீட்டோன்களையும் சில நிமிடங்களே தாங்கும். கீட்டோன்களுக்குப் பியூட்டைல் ரப்பர் நன்கு தாங்கும், டொலுவீனுக்குத் தாங்காது. ஆகவே கலவைக்கு ஏற்ற கையுறையை, தயாரிப்பாளரின் ஊடுருவு நேரப் பட்டியலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொழிலாளர்களிடம் பேசும்போது "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். மாலையில் தலைவலி வருகிறதா, ஞாயிற்றுக்கிழமை அது இல்லாமல் இருக்கிறதா, கால்விரல்களில் மதமதப்பு உண்டா, நடக்கும்போது செருப்பு தெரியாமல் கழன்று போகிறதா, படியேறக் கால் ஒத்துழைக்க மறுக்கிறதா என்று கேட்க வேண்டும். ஹெக்சேனின் பாதிப்பு கால்நுனியில் தொடங்கி மேலே ஏறும் இயல்புடையது. வேலையை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் மோசமாகிக்கொண்டே போகக்கூடும். இந்த அறிகுறி ஒருவரிடம் தெரிந்தாலே அவரை அந்த மேசையிலிருந்து விலக்கி இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கரைப்பான் என்று எழுதிய தாளையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் மருத்துவர் சர்க்கரை நோயிலோ வைட்டமின் குறைவிலோ காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

கரைப்பான் உடலில் சிதைந்து சிறுநீரில் வெளிவரும் பொருளைப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஹெக்சேனுக்கு 2,5-ஹெக்சேன்டயோனையும், டொலுவீனுக்கு ஆர்த்தோ-கிரெசாலையும் ஷிப்ட் முடிவில் பார்க்கிறார்கள். டொலுவீனுக்குப் பழைய வழக்கப்படி ஹிப்யூரிக் அமிலத்தைப் பார்த்தால் ஏமாற வாய்ப்பு உண்டு: கெடாமல் இருக்கப் பென்சோயேட் சேர்த்த ஊறுகாயும் குளிர்பானமும் அதைக் கூட்டிவிடும்.

குறைக்கும் வழிகளின் வரிசை

முதலில் பொருளை மாற்ற வேண்டும். தண்ணீர் அடிப்படையிலான பசை பல ஒட்டுகளுக்குப் போதுமானது; காய அதிக நேரம் எடுக்கும் என்பதால் உற்பத்தித் துறை தயங்கும், எனவே அப்பர் மடிப்பு போன்ற எளிய ஒட்டுகளிலிருந்து தொடங்குவது நல்லது. மாற்ற முடியாத இடத்தில் ஹெக்சேன் இல்லாத சொல்யூஷனைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, பிரஷ் மட்டும் நுழையும் குறுகிய வாய்கொண்ட மூடிய டப்பா, மூடியுள்ள கழிவுத் துணிப் பெட்டி. இவை இரண்டும் மிகக் குறைந்த செலவில் மறுநாளே செய்யக் கூடியவை. அதற்கடுத்து, மேசையின் பின்புறமோ அடிப்புறமோ ஆவியை உறிஞ்சும் அமைப்பு. காய வைக்கும் ரேக்கும் அதற்குள் வர வேண்டும். ஆவி காற்றைவிடக் கனமானது, தானே கீழே இறங்கிவிடும் என்று நம்பித் தரைமட்டத்தில் ஒரு ஃபேனை மட்டும் வைக்கும் இடங்கள் உண்டு. சிந்திய கரைப்பான் குழியில் தேங்கும் அபாயத்துக்குத்தான் அது பொருந்தும். சில நூறு பிபிஎம் அளவில் கலந்த காற்று சாதாரணக் காற்றைப் போலவே எங்கும் அலையும். தலைக்கு மேல் சுழலும் சீலிங் ஃபேன் ஆவியைக் கூடம் முழுக்கப் பரப்புமே தவிர வெளியேற்றாது.

முகக்கவசம் கடைசி வழி. துணி மாஸ்க்கும் என்95உம் தூசியைத் தடுப்பவை. ஆவியை அவை தடுப்பதே இல்லை. ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும். அது வெயிலிலும் ஈரப்பதத்திலும் விரைவில் நிறைந்துவிடும், வாடை தெரியும்வரை காத்திருந்து மாற்றினால் ஹெக்சேன் விஷயத்தில் காலம் கடந்துவிடும். மாற்றும் நாளை முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த மதிப்பீட்டை ஆண்டுக்கு ஒருமுறை என்று நாள் பார்த்துச் செய்வதைவிட, நிலைமை மாறும்போதெல்லாம் செய்வது மேல். சொல்யூஷன் விற்பவர் மாறினால், ஒரே பெயரில் வரும் டப்பாவின் வாடையோ காயும் நேரமோ மாறினால், ஓவர்டைம் தொடங்கினால், ஐப்பசி மழைக்குச் சாரல் அடிக்கிறதென்று சன்னல்களைச் சாத்தினால், நான்காம் படியின் கணக்கை அன்றே மறுபடி போட வேண்டும். காற்று மாறுவது மணிக்கு மூன்று முறையிலிருந்து ஒரு முறையாகக் குறைந்தால், மேலே கண்ட கூடத்தில் டொலுவீன் 48இலிருந்து 144 பிபிஎம்மாகிவிடும்.